வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்க நாவல்களும் செட்டிநாட்டு வாசகர்களும்

சென்ற இதழில் வெளியான ஆப்பிரிக்க நாவல் பற்றிய கட்டுரைக்குக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலிருந்து வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் முதல் நாவலை (1958; தமிழில் ‘சிதைவுகள்’) அறிமுகப்படுத்திய அக்கட்டுரை, காலனியாட்சியின் வரவால் இக்போ மக்களின் மரபு வாழ்க்கை குலைந்த கதை என்று அதைச் சுருக்கிச் சொல்லியிருந்தது. அந்தச் சுருக்கத்தை ஏற்காதவர்களும், நம் ஊரோடு பொருத்திப் பார்க்க விரும்பியவர்களும் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகளை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, முதுகலை வகுப்பில் எங்களுக்கு அச்சிபியின் நாவல் பாடமாக இருக்கிறது. வெள்ளைக்காரர் வந்து ஒரு சமூகத்தைக் கெடுத்த கதை என்றே குறிப்பு கொடுக்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் பாதி வரைக்கும் வெள்ளைக்காரரே வருவதில்லை. கிழங்கு நடுவது, மற்போர், திருமணப் பேச்சு, பஞ்சாயத்து என்றே போகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

நீங்கள் வாசித்தது சரிதான். 25 அத்தியாயங்கள் கொண்ட அந்த நாவலின் முதல் பகுதி 13 அத்தியாயங்கள் நீள்கிறது. அதில் வெள்ளையர்கள் வேடிக்கைப் பேச்சில் மட்டுமே தலைகாட்டுகிறார்கள். கதைநாயகன் ஒக்கொங்வோவின் துப்பாக்கி ஒரு சாவுச் சடங்கின்போது தவறுதலாக வெடித்து ஒரு சிறுவன் இறந்துபோக, அதற்குத் தண்டனையாக அவன் ஏழாண்டுகள் தாயின் ஊரில் போய் வாழ நேர்கிறது. அதற்குப் பிறகே பாதிரிமார் கதைக்குள் வருகிறார்கள்.

இவ்வளவு இடத்தை அச்சிபி ஏன் ஒதுக்கினார் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் உண்மையானதே. இபதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் படித்த காலத்தில், ஆங்கில எழுத்தாளர் ஜாய்ஸ் கேரி நைஜீரியாவைக் களமாக வைத்து 1939-இல் எழுதிய நாவல் அவர் கைக்கு வந்தது. அதில் வரும் நைஜீரியர்கள் தமக்குத் தெரிந்த எவரைப் போலவும் இல்லை என்ற மனக்குறை அவரை எழுத வைத்தது. ஆகவே முகமூடி அணிந்த முன்னோர் ஒன்பது பேர் அமர்ந்து, மனைவியை அடித்தவனின் வழக்கை இருதரப்பும் கேட்டு, மச்சினன்மாரிடம் கள்ளோடு போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லும் நீதிமன்றக் காட்சியை அவர் அவசரமில்லாமல் எழுதுகிறார். நாவலின் கடைசிப் பத்தியில், ஒக்கொங்வோவின் சாவைத் தன் புத்தகத்தில் ஒரு பத்தியாக எழுதிவிடலாம் என்று மாவட்ட ஆணையர் எண்ணிக்கொள்ளும்போது, நாம் இதுவரை வாசித்த பக்கங்கள் அத்தனையும் அந்த ஒற்றைப் பத்திக்கு மறுமொழியாகிவிடுகின்றன.

இருந்தாலும் இது பாதிக் காரணமே என்பது என் எண்ணம். முதல் பகுதியில் அந்தச் சமூகத்தின் அழகுகளுக்கு நடுவே ஒரு கணக்கும் எழுதப்பட்டுக்கொண்டே வருகிறது. பக்கத்து ஊரிலிருந்து ஈடாகக் கொண்டுவரப்பட்ட இக்கெமெஃபூனா என்ற சிறுவன் மூன்றாண்டுகள் ஒக்கொங்வோவின் வீட்டில் வளர்கிறான். அவனை அப்பா என்று அழைக்கிறான். அந்தப் பையனைக் கொல்லும்படி தெய்வவாக்கு வருகிறது. அதில் நீ கை வைக்காதே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லியும், பலவீனன் என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஒக்கொங்வோ தானே வெட்டுகிறான். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் பானையில் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். போகிற வழியில் அந்தக் குழந்தைகளின் அழுகை ஒக்கொங்வோவின் மகன் நுவோயேயின் காதில் விழுகிறது.

பின்னர் பாதிரிமாருக்குத் தேவாலயம் கட்டுவதற்கு, தீய சக்திகள் உலவுவதாகத் தாங்கள் நம்பிய ‘தீய காட்டை’ ஊரார் கொடுக்கிறார்கள். நான்கு நாளில் செத்துவிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள், அவர்கள் சாகவில்லை. அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். நான்கு முறை இரட்டைகளைப் பெற்று நான்கு முறையும் பறிகொடுத்து, மறுபடியும் கருவுற்றிருக்கும் ஒரு பெண் போகிறாள். தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டுப் பரம்பரையாக ஒதுக்கப்பட்ட ‘ஓசு’ மக்கள் போகிறார்கள். நுவோயே போகிறான். மூவொரு கடவுள் பற்றிய பிரசங்கம் அவனுக்குப் புரியவேயில்லை என்றும், இருளிலும் அச்சத்திலும் இருக்கும் சகோதரர்களைப் பற்றிய பாடல் ஒன்றுதான் காட்டில் அழுத குழந்தைகளைப் பற்றியும் கொல்லப்பட்ட சிறுவனைப் பற்றியும் அவனுக்குள் இருந்த கேள்விக்கு விடைபோல ஒலித்தது என்றும் அச்சிபி எழுதுகிறார். அடியும் உதையும் இல்லாமலே ஓர் ஊர் தன் ஆட்களை இழந்தது இப்படித்தான். நிர்வாகமும் நீதிமன்றமும் சிறையும் துப்பாக்கியும் பின்னால் வந்தன. அவற்றின் கொடுமையை நாவல் மறைக்கவும் இல்லை.

ஓசு மக்களைச் சேர்க்கக் கூடாது என்று முதலில் எதிர்த்தவர்கள் புதிதாக மதம் மாறியவர்களே என்பதையும் கவனித்திருப்பீர்கள். நம் மாவட்டங்களின் தேவாலய வரலாறு அறிந்தவர்களுக்கு அந்த இடம் புதிதாக இராது.

தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்காமல் விட்டீர்கள், அதற்கு நன்றி. கேட்டிருந்தாலும், கொடுத்த குறிப்பை எழுதிவிட்டு அடுத்த பத்தியில் இதையும் எழுதுங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

‘பண்பாட்டு மோதல்’ என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்குக் கட்டுரை எழுதுகிறேன். ஆப்பிரிக்க எழுத்து முழுவதையும் இந்தத் தலைப்பின்கீழ் அடக்கலாமா?
– ஆய்வு மாணவர், குன்றக்குடி

அடக்கினால் அந்த எழுத்தாளர்களில் ஒருவரேனும் உங்களைக் கடிந்துகொள்வார். வோலே சோயிங்கா 1975-இல் வெளியிட்ட, அரசனின் குதிரை வீரன் சாவதைப் பற்றிய நாடகத்தின் முன்குறிப்பில், இதைப் பண்பாட்டு மோதல் என்று குறுக்கிவிடாதீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். 1946-இல் ஓயோ நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அடியொற்றியது அந்நாடகம். அரசன் இறந்து முப்பதாவது நாள் அவனுடைய குதிரை வீரனும் உயிர்விட்டு உடன் போக வேண்டும் என்பது மரபு. ஆங்கிலேய அதிகாரி தடுத்துவிடுகிறார். கதை அவ்வளவுதான் என்றால் ‘மோதல்’ என்ற சொல் போதும். ஆனால் அதிகாரியின் ஆட்கள் வருவதற்கு முன்பே குதிரை வீரனின் மனம் தளர்ந்துவிட்டது. சாக வேண்டிய இரவில் அவன் ஒரு புது மணப்பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துத் திரும்பிய மகன், தந்தை விட்ட கடமையைத் தன் உயிரைக் கொடுத்து நிறைவேற்றுகிறான். மேலைக் கல்வி பெற்றவன் மரபைக் கைவிடுவான் என்ற நம் எதிர்பார்ப்பு இங்கே தலைகீழாகிறது. அந்த மகனைப் பற்றி ஒரு பக்கமேனும் உங்கள் கட்டுரையில் எழுதுங்கள்.

நம் பகுதிக்கும் கம்பெனியார் வந்தார்கள், பாதிரிமார் வந்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். ஆனாலும் நகரத்தாரின் ஒன்பது கோயில்களும், கோயில் பார்த்துப் பெண் கொடுப்பதும், பிள்ளையார் நோன்பும், முன்னோருக்கு இடும் படைப்பும் இன்றும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் மட்டும் ஏன் எல்லாம் சரிந்தது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

எல்லாம் சரிந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அச்சிபியே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல ஒப்பீட்டுக்கு இடம் இருக்கிறது. அதற்கு அச்சிபியின் முதல் நாவலைவிட 1964-இல் வந்த மூன்றாவது நாவல் ஏற்றது. என் கணிப்பில் அவருடைய எழுத்துகளில் மிகச் சிறந்ததும் அதுவே.

இக்போ மக்களில் பெரும்பாலோருக்கு அரசர்கள் கிடையாது. ஊர்கூடிப் பேசி முடிவெடுப்பதே அவர்களுடைய வழக்கம். உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டே ஆளுவது என்ற கொள்கையோடு வந்த ஆங்கில நிர்வாகம், தலைவர் இல்லாத ஊர்களில் ஒருவரைப் பிடித்து, கையில் ஒரு பட்டயத்தைக் கொடுத்துத் தலைவர் ஆக்கியது. அப்படி ஆக்கப்பட்டவர்கள் பலர் லஞ்சமும் அடாவடியுமாகப் பெயரெடுத்தார்கள். 1929-இல் வரி விதிப்பு அச்சத்தால் அபா, ஓவெரி பகுதிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு இந்தப் பட்டயத் தலைவர்களுக்கு எதிராகப் போராடியதும், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் வரலாறு.

சிவகங்கைச் சீமையில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனி, கௌரி வல்லபப் பெரிய உடையத் தேவரை ஜமீன்தாராக அமர்த்தியது. இங்கே ஏற்கெனவே பாளையம் இருந்தது, வாரிசுரிமைச் சண்டை இருந்தது. தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுத்தால் கம்பெனிக்குப் போதுமானதாக இருந்தது. இக்போ நாட்டில் பதவியையே புதிதாகப் படைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பதவியை வேண்டாம் என்று சொன்ன ஒரு பூசாரியின் கதைதான் நான் சொல்லும் நாவல். ஆறு ஊர்களுக்குப் பொதுவான தெய்வத்தின் தலைமைப் பூசாரி எசேயுலு, புதிய மதத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்து வரத் தன் மகன் ஒருவனைக் கிறித்தவப் பள்ளிக்கு அனுப்புகிறார். அங்கே தனக்கு ஒரு கண் இருக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. மகனோ பிரசங்கத்தைக் கேட்டு, ஊரார் புனிதமாகக் கருதும் மலைப்பாம்பைப் பிடித்துத் தன் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறான். பிறகு பட்டயத் தலைவர் பதவியை மறுத்ததற்காக எசேயுலுவைச் சிறைவைக்கிறார்கள். ஒவ்வொரு பிறைக்கும் ஒரு புனிதக் கிழங்கை உண்டு அவர்தான் ஆண்டுக் கணக்கை வைத்திருப்பவர். சிறையில் இருந்த மாதங்களில் உண்ண முடியாமல் போன கிழங்குகள் மீதமிருப்பதால், அறுவடைத் திருநாளை அறிவிக்க முடியாது என்று திரும்பி வந்ததும் மறுத்துவிடுகிறார். வயலில் கிழங்கு அழுகுகிறது, ஊர் பசியில் கிடக்கிறது. தேவாலயத்துக்குக் கிழங்கைக் கொண்டுவந்து படைத்தால் உங்கள் தெய்வத்தின் கோபம் தீண்டாது என்று உபதேசியார் அறிவிக்கிறார். மக்கள் போகிறார்கள்.

எசேயுலு விதியைக் காத்தாரா, தன்னைச் சிறைக்குப் போக விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த ஊரைப் பழிவாங்கினாரா? அச்சிபி இரண்டுக்கும் சான்று வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் திதி தவறினாலும் படைப்பைத் தள்ளிப்போடவோ சேர்த்துச் செய்யவோ பங்காளிகள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறோம். எசேயுலுவிடமும் ஊர்ப் பெரியவர்கள் அப்படி ஒரு வழி சொன்னார்கள்: மிச்சக் கிழங்கை இப்போதே உண்டுவிடுங்கள், பாவம் எங்களைச் சேரட்டும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. நம் மரபு நின்றதற்கு அதன் பழமையைவிட இந்த விட்டுக்கொடுக்கும் பழக்கமே பெரிய காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது: நம்மவர்களின் கையில் அந்த நூற்றாண்டில் பணம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் கோட்டையூர்க்காரர் கேட்டிருக்கிறார்; பின்னால் வருகிறேன்.

மரபு அவ்வளவு எளிதில் சரிவதில்லை என்பதற்கும் அச்சிபியிடமே சான்று உண்டு. அவருடைய இரண்டாவது நாவல் 1960-இல் வந்தது. அதில் ஊர்ச் சங்கத்தார் பணம் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்கவைத்த ஓர் இளைஞன், ஓசுக் குடும்பத்தில் பிறந்த தாதிப் பெண்ணை மணக்க விரும்புகிறான். கூடாது என்று மறுப்பவர் அவனுடைய கிறித்தவத் தந்தை. அவர் வேறு யாருமில்லை. முதல் நாவலில் காட்டில் அழுத குழந்தைகளுக்காக வீட்டைவிட்டுப் போன அதே நுவோயேதான், இப்போது ஐசக் என்ற பெயரில்.

மரபு போய்விட்டதே என்ற துக்கம் எல்லாம் ஆண்களுடைய துக்கமாகவே தெரிகிறது. அந்த ஊர்ப் பெண்கள் எழுதியிருக்கிறார்களா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

ஆச்சி, இந்தத் தொகுப்பிலேயே கூர்மையான கேள்வி உங்களுடையதுதான்.

நைஜீரியாவின் புச்சி எமெசெட்டா 1979-இல் எழுதிய நாவல், ‘தாய்மையின் இன்பங்கள்’ என்று பொருள்படும் கசப்பான தலைப்பைக் கொண்டது. நூ ஈகோ என்ற பெண் தன் ஊரிலிருந்து லாகோஸ் நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். கணவன் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் துணி துவைப்பவன். துரைசாணியின் உள்ளாடையைத் துவைப்பவன் ஆண்பிள்ளையா என்று அவள் மனம் கூசுகிறது. ஊரில் ஆண்மக்களைப் பெற்ற தாய்க்கு முதுமையில் மதிப்பும் சோறும் உறுதி. அந்த உறுதியை நம்பி அவள் பட்டினி கிடந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். படித்த பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். நகரம் அவளிடமிருந்து மரபின் பயனைப் பறித்துக்கொண்டு கடமையை மட்டும் அவள் தோளில் விட்டுவைக்கிறது. அவள் சாலையோரத்தில் யாருமில்லாமல் சாகிறாள். பிள்ளைகள் வந்து கடன் வாங்கியாவது ஊர் மெச்சும்படி காரியம் செய்கிறார்கள், அவளுக்குக் கோயிலும் எடுக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு அங்கே வருகிறவர்களுக்கு அவள் வரம் தருவதே இல்லை என்று கதை முடிகிறது.

ஆண்கள் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போய் மூன்று வருடக் கணக்கு முடித்துத் திரும்பும்வரை, ஆயிரம் சன்னல் வீட்டில் வரவு செலவையும் வளவையும் பார்த்துக்கொண்ட ஆச்சிமார்களின் கதையை நம் பக்கத்தில் யாராவது இந்தக் கண்ணோடு எழுதினால் நன்றாயிருக்கும். வீட்டின் தேக்குத் தூணைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம்.

ஜிம்பாப்வேயின் சிட்சி தங்கரெம்ப்கா 1988-இல் எழுதிய நாவலையும் தவறவிடாதீர்கள். அண்ணன் இறந்ததில் தனக்கு வருத்தமில்லை என்று ஒரு பெண் சொல்வதோடு அது தொடங்குகிறது. அவன் இறந்ததால்தான் பள்ளிக்கூடம் போகும் வாய்ப்பு தம்புட்சாய் என்ற அந்தச் சிறுமிக்கு வந்தது. புத்தகத்தைச் சமைத்துப் புருஷனுக்குப் போட முடியுமா என்று கேட்கும் தந்தையும், பெண்ணைப் படிக்கவைத்துக்கொண்டே அவளைத் தன் சொல்லுக்குள் வைத்திருக்க நினைக்கும் கிறித்தவப் பெரியப்பாவும் அதில் ஒரே கட்சியில் நிற்கிறார்கள். பெரியப்பாவின் மகள் நியாஷா இங்கிலாந்தில் சில காலம் வளர்ந்தவள். அவள் உணவை மறுத்து உடல் நலிந்து, வரலாற்றுப் பாடநூலைப் பல்லால் கிழிக்கும் இடத்தில், காலனியாதிக்கத்தையும் குடும்ப ஆதிக்கத்தையும் பிரித்துக் காட்டவே முடியாமல் போகிறது. மரபா, மாற்றமா என்று கேட்டால் இந்தப் பெண்கள் எதைத் தேர்ந்தாலும் இன்னொருவர் வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயரை எதிர்த்து ஆங்கிலத்திலேயே எழுதுவது முரண் இல்லையா?
– வாசகர், புதுவயல்

இந்த வழக்கு 1962-இல் உகண்டாவின் மக்கெரேரேயில் ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் கூடிய மாநாட்டிலிருந்தே நடக்கிறது. ஆங்கிலத்தை வளைத்துத் தன் மக்களின் பேச்சைச் சுமக்கவைக்கலாம் என்பது அச்சிபியின் கட்சி. தாய்மொழியை விட்டவன் நினைவையும் விடுகிறான் என்பது கென்யாவின் கூகி வா தியாங்கோவின் கட்சி. கூகி ஊர்மக்களோடு சேர்ந்து கிக்குயு மொழியில் நாடகம் போட்டதற்காக 1977 டிசம்பர் கடைசி நாளில் கைதுசெய்யப்பட்டார். விசாரணையில்லாமல் ஓராண்டு சிறையில் இருந்தபோது கழிப்பறைக் காகிதத்தில் கிக்குயுவிலேயே ஒரு நாவலை எழுதினார். அது தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கடுமையான அரசியல் நாவல் எழுதியபோது விட்டுவைத்த சுதந்திரக் கென்ய அரசு, குடியானவர்களுக்குப் புரியும் மொழியில் நாடகம் போட்டவுடன் கதவைத் தட்டியது என்பது கூகியின் கட்சிக்குப் பெரிய சான்று. அவர் 2025 மே மாதம் காலமானார்.

தாய்மொழியில் எழுதினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும் இல்லை. தாமஸ் மொஃபோலோ சுலு மன்னன் சாக்காவைப் பற்றி செசோத்தோ மொழியில் எழுதிய நாவலை, மிஷன் அச்சகம் பல ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்து 1925-இல்தான் வெளியிட்டது. மொழி உன்னுடையது, அச்சகம் இன்னொருவருடையது என்றால் என்ன செய்வது?

எங்கள் ஐயாவின் அப்பா ரங்கூனில் மொகல் தெருவில் மார்க்கா (லேவாதேவிக் கடை) வைத்திருந்தவர். இந்த நாவல்களை நான் அடிமைப்பட்ட நாட்டவனாக நின்று வாசிக்கிறேன். ஆனால் ஒரு பர்மியர் நம்மை அப்படிப் பார்ப்பாரா என்ற ஐயம் வந்துவிட்டது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகர், கோட்டையூர்

இந்த ஐயத்தைக் கடிதமாக எழுதி அனுப்பியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இதைப் பேசும்போது நம் வட்டாரத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதி பெருகியது. ஐராவதி கழிமுகக் காடுகளை வெட்டி வயலாக்கப் பர்மியக் குடியானவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் எட்டிப் பார்க்காத கிராமங்கள் வரை போய் அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் நம்மவர்களான நகரத்தார். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்கே கொடுத்தார்கள் என்பதும், மேலாள் முதல் பெட்டியடிப் பையன் வரை கடும் உழைப்பும் நாணயமும் கொண்ட ஏற்பாடு அது என்பதும் மறுக்க முடியாதவை. ஆனால் நிலத்தை அடமானம் வைக்கவும் ஜப்தி செய்யவும் வழிசெய்த சட்டம் ஆங்கிலேயருடையது. 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்தபோது கடன்கள் திரும்பவில்லை, நிலங்கள் வந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த நிலம் 1937-இல் 25 விழுக்காடாக ஆனது. நிலத்துக்காக அவர்கள் கடன் கொடுக்கவில்லை, பணமாகத் திரும்புவதையே விரும்பினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்மையே. நிலத்தை இழந்த குடியானவருக்கு அந்த வேறுபாட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பிறகு 1942-இல் ஜப்பானியர் வந்ததும், சுதந்திர பர்மாவில் நிலமும் கடைகளும் அரசுடைமை ஆனதும், கையை வீசிக்கொண்டு திரும்பியதும் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள்.

இந்த இடத்தில் நிற்கிற மனிதர்களை ஆப்பிரிக்கப் புனைவில் தேடினால் அச்சிபியிடம் கிடைக்க மாட்டார்கள். சான்சிபாரில் பிறந்து இங்கிலாந்துக்குப் போன, 2021-இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னாவிடம் கிடைப்பார்கள். 1994-இல் வந்த அவருடைய ‘சொர்க்கம்’ நாவலில் யூசுப் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனை அவன் பெற்றோர் அசீஸ் மாமாவோடு ரயிலேற்றி அனுப்புகிறார்கள். அந்தப் பெரிய வியாபாரி மாமாவே இல்லை. தந்தை பட்ட கடனுக்கு ஈடாகப் பையன் போகிறான். இதை அவனுக்குச் சொல்பவன் கடையில் அவனுக்கு முன்பே ஈடாக வந்து சேர்ந்த இன்னொரு பையன். அசீஸ் கொடியவர் அல்லர். நறுமணம் பூசிக்கொண்டு, மென்மையாகப் பேசி, கணக்கில் பிசகாத மனிதர். அவருடைய கண்ணியத்தையும் அது எதன்மேல் நிற்கிறது என்பதையும் குர்னா ஒரே வாக்கியத்துக்குள் காட்டுகிறார்.

அந்த வணிகர் கூட்டம் சரக்கோடு உள்நாட்டுக்குப் பயணம் போகிறது. அங்கே சாட்டு என்ற தலைவர் சரக்கைப் பறிமுதல் செய்கிறார். உங்களைப் போன்றவர்கள் முன்பு வந்து எங்களை ஏமாற்றினார்கள் என்பது அவருடைய வழக்கு. கடற்கரை வணிகருக்கு அவர் காட்டுமிராண்டி; அவருக்கு இவர்கள் கொள்ளையர். அந்த நேரத்தில் ஒரு ஜெர்மானிய அதிகாரி வந்து சேர்கிறார். பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளிக்கிறார். வழக்கில் வென்ற வணிகர்களுக்கே அப்போதுதான் தெரிகிறது, இனி இந்த நாட்டில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கும் இல்லை, சாட்டுவுக்கும் இல்லை என்று. காலனியாட்சிக்கு முன்பு ஆப்பிரிக்கா சொர்க்கமாக இருந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தலைப்பே போதும்.

ஆகவே உங்கள் ஐயத்துக்கு என் விடை: ஒரு நாவலில் ஓர் இடத்தில் மட்டும் நின்று வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. சிவகங்கையை நினைக்கும்போது எசேயுலுவின் பக்கம் நிற்கலாம். மொகல் தெருவை நினைக்கும்போது அசீசின் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டையும் செய்ய முடிகிற வாசகர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. பூர்விக வீட்டில் பழைய பர்மாக் கணக்குப் பேரேடுகள் இருந்தால், எடைக்குப் போட்டுவிடாமல், கடன் வாங்கியவர்களின் பெயர்களை ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள்.

இதுவரை ஆப்பிரிக்க நாவல் எதையும் வாசித்ததில்லை. எதில் தொடங்கலாம்? இப்போதைய இளையவர்கள் இதையெல்லாம் எழுதுகிறார்களா?
– வங்கி ஊழியர், திருப்பத்தூர்

அச்சிபியின் முதல் நாவல் என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழில் இருக்கிறது, அதில் தொடங்குங்கள். ஆங்கிலம் தடையில்லை என்றால் அடுத்து எமெசெட்டா, பிறகு குர்னா. சோயிங்காவை அவசரத்தில் தொட வேண்டாம்.

இளையவர்களில் சிமமாண்டா அடிச்சி 2003-இல் எழுதிய முதல் நாவலில் இந்தப் பிரச்சினை ஒரே வீட்டின் முற்றத்துக்குள் வந்துவிடுகிறது. ஊரே மதிக்கும் கத்தோலிக்கச் செல்வர் ஒருவர், பழைய தெய்வங்களை விடாத தன் தந்தையை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. பேரப்பிள்ளைகள் தாத்தாவைச் சில நிமிடங்கள் மட்டுமே பார்க்கலாம், அவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது கட்டளை. அத்தை வீட்டில் தங்கியிருக்கும்போது ஒரு விடியற்காலையில், தாத்தா தன் தெய்வங்களிடம் வேண்டிக்கொள்வதைப் பேத்தி மறைந்திருந்து பார்க்கிறாள். தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நன்மை கேட்ட கிழவர், பிள்ளையைச் சபிக்காமல் அவனுக்கும் சேர்த்தே வேண்டுகிறார். அந்த நாவலை விலை கொடுத்து வாங்கலாம். மற்றவற்றை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் வாங்கிவைக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.